வெள்ளிவால் திரி

4

போலீஸ் ஸ்டேஷனில் பேரம் பேசக்கூடாது என்று ரெமிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். பாதி ஆயுளை மணிலா அடகுக்கடை ஒன்றில் நகை மதிப்பிட்டே கழித்தவள். மோதிரத்தைக் கழற்றுகிறவன் முகத்தைப் பார்த்தே அது தங்கமா, முலாமா என்று சொல்லிவிடுவாள். இப்போது மோதிரத்தை விட்டுவிட்டு முகங்களை மட்டும் மதிப்பிடுகிறாள். துப்பறியும் தொழிலில் வட்டி குறைவு, வம்பு அதிகம்.

“அஞ்சு நிமிஷம், சார்ஜென்ட்.”

“ஒண்ணு” என்றார் மாக்னோ.

“நாலு.”

“ரெமி, இது கியாப்போ சந்தை இல்ல. போலீஸ் தடயம்.”

“அதனாலதான் அஞ்சுல ஆரம்பிச்சேன். சந்தையா இருந்தா இருபதுல ஆரம்பிச்சிருப்பேன்.”

மாக்னோ பெருமூச்சு விட்டு, பிளாஸ்டிக் பையை மேஜையின் குறுக்கே தள்ளினார். ரெமியின் பின்னால் நின்ற ஒமெங், குச்சியில் குத்திய மீன் உருண்டையைக் கடித்தபடி எட்டிப்பார்த்தான். ஒரு காலத்தில் ஜீப்னி வண்டிகளுக்கு ஆள் கூவி ஏற்றியவன். அந்தத் தொண்டை இப்போது ரெமியிடம் சம்பளத்துக்கு இருக்கிறது.

“அக்கா, இதுவா வேப்பு? கல்லறையிலேர்ந்து தோண்டின மாதிரி இருக்கு.”

பையில் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குழல். அடிப்பக்கம் வாழைப்பூ மாதிரி விரிந்து கிழிந்திருந்தது. பாட்டரி வெடித்த இடம் அது. மேலே ஒரு சின்ன எஃகு டப்பி. டப்பிக்குள் சாறு, சாற்றில் தொங்கும் திரி, திரியின் தலையில் சுற்றிய கம்பி. கம்பி சூடேறினால் சாறு ஆவியாகும். சிகரெட்டில் புகை, இதில் ஆவி. அவ்வளவுதான் வித்தை.

ஊரில் மற்றவர்கள் பஞ்சைத் திரியாக வைத்தார்கள். திகோங் வைத்தது எஃகு. துணி மாதிரி மெல்லிய கம்பிவலையை வெட்டி, நெருப்பில் காட்டி, சுருட்டிச் செருகுவான். அதன் ருசிக்கு ஆள்கள் நகரின் மறுகோடி குபாவ் பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். அந்த திகோங்தான் இப்போது லாக்கப் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். பெட்ரோல் பங்க் ஊழியன் டெல்ஃபின் நேற்று அவனிடம் வாங்கிய வேப், பங்க்குக்கு எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் வெடித்து, டெல்ஃபினின் வலது கை வெந்துபோனது. சாயங்காலம் அரசு வழக்கறிஞர் வந்து கையெழுத்துப் போட்டால், திகோங்கை நகரச் சிறைக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே ஒரு பாயில் மூன்று பேர் முறை வைத்துத் தூங்குகிறார்கள். வழக்கு நடக்கிற வேகத்தில், போனவன் பிள்ளையின் பள்ளிப் படிப்பு முடிந்து திரும்புவான்.

வாசல் பெஞ்சில் திகோங்கின் மனைவி லிகாயா உட்கார்ந்திருந்தாள். மடியில் லும்பியா டப்பா, பூரணம் வைத்து மடித்துப் பொரித்த சுருள்கள். ரெமியை அமர்த்தியவள் அவள்தான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரெமி பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகி, இடுக்கியால் திரியை மெல்ல உருவினாள். தலைப்பக்கம் கரி. பாதிக்குக் கீழே சாற்றில் மூழ்கியிருந்த வால் மட்டும், இன்று கடையில் வாங்கிய கரண்டி மாதிரி பளிச்சென்று வெள்ளியாக மின்னியது.

“பார்த்தியா?” மாக்னோ நாற்காலியில் சாய்ந்தார். “எங்க ஆளும் இதைத்தான் சொன்னான். இவன் நெருப்புல காட்டவே இல்ல.”

“நெருப்புல காட்டாட்டி என்ன?” என்றான் ஒமெங். “பச்சையா சாப்பிட்டா வயிறா வலிக்கும்?”

“கம்பிவலை இரும்புதானேடா? சுட்டுச் சுட்டு எடுத்தா மேல ஒரு தோல் படியும். அந்தத் தோல்தான் மின்சாரத்தைத் தடுக்கும். தோல் இல்லாத வலை மேல கம்பியைச் சுத்தினா நேரா ஷார்ட். இந்தக் குழலுக்குப் பாதுகாப்பும் கிடையாது, பாட்டரிக்கு மூச்சுவிட வழியும் கிடையாது. டமார்!” என்றார் மாக்னோ.

“அது என் திரி இல்ல!” கம்பிக்குப் பின்னாலிருந்து திகோங் கத்தினான்.

“கருகின மீனை எந்தச் சமையல்காரன்டா தன்னோடதுன்னு சொல்லியிருக்கான்?”

“சார், என் திரியில தலையிலேர்ந்து வால் வரைக்கும் நெருப்பு ஏறியிருக்கும். மயில் கழுத்து மாதிரி நீலம் ஓடும். பாதி சுட்டு பாதி விடுறதுக்கு நான் என்ன பார்பெக்யூவா போடுறேன்? அவன் பிரிச்சு மாத்தியிருக்கான்!”

மாக்னோ டெல்ஃபினின் வாக்குமூலத்தைச் சலிப்போடு ஒப்பித்தார். வாங்கினான். பிரிக்கவில்லை. முதல் தடவை அமுக்கினான், வெடித்தது. இதற்குமுன் பெட்டிக்கடை இ-சிகரெட் தவிர வேறெதையும் வாயில் வைத்ததில்லை. எஃகுத் திரி என்றால் என்னவென்றே தெரியாது.

“தெரியாதவன்தான்” என்றான் திகோங், தன் வக்கீல் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளும் நேர்மையோடு. “தெரிஞ்சவனுக்கு நான் விக்கவே மாட்டேன். என் திரியைப் பிரிச்சுப் பார்த்து நகல் எடுக்கிறதுக்குன்னே ஆளுங்க வருவாங்க. அதனால புதுசா யார் வந்தாலும் முதல்ல ஒரு பஞ்சு வேப்பைக் கையில குடுத்து, இழுத்துப் பாருன்னு சொல்வேன். எஃகுல பழகினவன் உதட்டுல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாய்ப்பான். எஃகு பஞ்சு மாதிரி தானா சாறு குடிக்காது. சாய்ச்சாதான் தலைவரைக்கும் ஏறும். கை சாஞ்சா, கடை மூடியாச்சுன்னு சொல்லிடுவேன்.”

“டெல்ஃபின் கை?”

“குழாய்க்கம்பம் மாதிரி நேரா நின்னுது. அதான் வித்தேன்.”

“தெருவுல இந்தச் சோதனை எல்லாருக்கும் தெரியுமா?” என்று கேட்டாள் ரெமி.

“தெரியாம? எதிர்க்கடை செபோ அதைச் சொல்லிச் சொல்லியே பஞ்சு விக்கிறான். ‘எங்ககிட்ட பரீட்சை இல்ல, வாங்க’ன்னு போர்டே வச்சிருக்கான்.”

பையின் அடியில் நகக்கண் அளவுக்கு வலைத் துண்டு ஒன்று உடைந்து கிடந்தது. அதை ரெமி இடுக்கியால் எடுத்தாள்.

“வை அதை!”

“உடைஞ்ச துண்டு. திருப்பித் தர்றேன்.”

“ரெமி…”

“சார்ஜென்ட், இவன் தப்பு செஞ்சிருந்தா இந்தத் துண்டு உங்களுக்குக் கூடுதல் சாட்சி. செய்யலேன்னா, செய்யாதவனை ஏத்தி அனுப்பின பேர் உங்களுக்கு வேணாம். ரெண்டு பக்கமும் லாபம். இந்த மாதிரி வியாபாரம் எனக்கே அமைஞ்சதில்ல.”

மாக்னோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அரசு வழக்கறிஞருக்காகத் துடைத்து வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

“அவர் வர்றதுக்குள்ள இங்க இருக்கணும். வந்தப்புறம் பேரம் கிடையாது.”

வெளியே வரும்போது ரெமி கவனித்தாள். லிகாயாவின் பார்வை மேஜைமேல் கிடந்த அந்தக் கரிந்த திரியில் நின்றிருந்தது. புருஷன் பார்த்ததைவிட நீளமாக. தன் பிள்ளையா, ஊரார் பிள்ளையா என்று பள்ளிக்கூட வாசலில் பார்ப்பதுபோல.

*

“செபோதான்” என்றான் ஒமெங், டிரைசைக்கிள் ஆட்டோவில் முட்டி மோதிக்கொண்டே. “எதிர்க்கடை. பஞ்சு வியாபாரி. எஃகு ஒழிஞ்சா பஞ்சுக்கு விலை. ஆளை விட்டு மாத்தியிருக்கான். கேஸ் முடிஞ்சுது, வாங்க பன்சித் நூடுல்ஸ் சாப்பிடலாம்.”

“எப்ப மாத்தினான்? திகோங் கையிலேர்ந்து டெல்ஃபின் கைக்கு நேரா போச்சு.”

“அக்கா, நீங்க கேள்வி கேட்டுக் கேட்டே நம்ம பசியை வளர்க்கிறீங்க.”

சாந்தா குரூஸ் மூலையில் ஊய் ஆச்சியின் கடை. சீன வம்சத்து வியாபாரி. சட்டையில் படம் அச்சடிக்கிறவர்கள், ஆலைக்காரர்கள், வேப் பைத்தியங்கள் எல்லாருக்கும் கம்பிவலை அங்கேதான். ஆச்சி கல்லாவுக்குப் பின்னால் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

“ஆச்சி, இந்தத் துண்டைப் பார்த்து ஒரு வார்த்தை…”

“என்ன வாங்கறே?”

“ஒண்ணும் வாங்கல. ஒரு விஷயம் கேக்கணும்.”

“வாங்காதவனுக்கு இங்க விஷயம் கிடையாது. விஷயம் சரக்கோட இலவசம்.”

ஒமெங் சட்டைப்பையைத் தடவி, உதட்டைப் பிதுக்கினான். ரெமி மெதுவாக ஒரு வலைச் சுருளை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முகம் சுளித்தாள்.

“ஓரம் பிசிறு.”

“பிசிறா? மகாராணி, அது கத்தி பட்ட இடம்.”

“ஒரு முழத்துக்கு என்ன?”

ஆச்சி சொன்னாள். ரெமி சிரித்தாள். ஆச்சி மறுபடி சொன்னாள். ரெமி சுருளைத் திருப்பி வைத்துவிட்டு வாசல்வரை நடந்தாள். ஆச்சி விதையைத் துப்பிவிட்டுக் கூப்பிட்டாள். வேண்டாத சரக்கை ரெமி இத்தனை வெறியோடு பேசி முடித்ததைப் பார்த்து, அவசரத்தில் வந்ததே ஒமெங்குக்கு மறந்துபோயிற்று. ஆச்சியின் முகத்தில் மட்டும், நல்ல எதிராளி கிடைத்த சீட்டாட்டக்காரனின் திருப்தி.

“கொண்டா அந்தத் துண்டை.” வாங்கி விரல் நகத்தால் ஒரு கீறு. கண்ணருகே வைத்தாள். “இது என் கடைது இல்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“என் வலை ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. வெறும் பாய் முடைஞ்ச மாதிரி. இது ரெண்டு மேல, ரெண்டு கீழ. கோடு சாஞ்சு ஓடுது பாரு. முரட்டு வலை. எண்ணெய், பெட்ரோல் வடிகட்டுறதுக்கு. இதை முழம்போட்டு யாரும் வாங்க மாட்டான். வடிகட்டியோடவே வரும்.”

ரெமி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கோடு சாய்ந்துதான் ஓடியது.

“அக்கா!” ஒமெங் குதித்தான். “செபோ தம்பிக்கு ஜீப்னி கராஜ்! வண்டிக்கு வண்டி வடிகட்டி! நான் சொன்னேன்ல? பன்சித்!”

“திகோங் உங்ககிட்டதானே வாங்குவான், ஆச்சி?” என்றாள் ரெமி, அவனைக் கண்டுகொள்ளாமல்.

“திகோங்கா? அவன் இந்தப் படியை மிதிச்சதே இல்ல. அவன் பெண்டாட்டி வருவா. வாயைத் திறக்க மாட்டா, ஆனா விலையைக் குறைக்காம போகமாட்டா. ரொம்ப மெல்லிசு வலையைத்தான் எடுப்பா. இந்தக் கோணிச்சாக்கைக் கையாலகூடத் தொட மாட்டா.”

தெருவுக்கு வந்ததும் ரெமி நின்றாள்.

“ஒமெங், பெட்ரோல் வடிகட்டி கராஜ்ல மட்டும்தான் இருக்கா?”

“லாரியில இருக்கும், படகுல இருக்கும், பெட்ரோல் பங்க்ல…” ஒமெங்கின் வாய் பாதியில் நின்றது. அவன் வாய் பாதியில் நிற்பது அபூர்வம். “ஐயோ! கை வெந்தவனா? அவனேவா?”

“வாக்குமூலத்துல அவன் பிரிக்கவே இல்ல.”

“சத்தியம் பண்ணியிருக்கானே, அக்கா. அதுவும் கட்டுப் போட்ட கையோட. அடிபட்டவனைப் பொய்யன்னு சொல்ல ஒரு நகக்கண் கம்பி போதுமா?”

“போதாது. பங்க்ல பத்துப் பேர் வேலை பார்க்கிறாங்க. வடிகட்டி எல்லாருக்கும் பொது.” ரெமி டிரைசைக்கிளை நோக்கி நடந்தாள். “கைதான் வேணும். கட்டுப் போடாத கை. உன் வேப்புல சாறு இருக்கா?”

“தளும்பத் தளும்ப. மாம்பழ வாசனை.”

“பஞ்சுதானே?”

“ஏழைக்கேத்த பஞ்சு.”

*

ஆஸ்பத்திரியின் பின்பக்க இரும்புப் படிக்கட்டில் டெல்ஃபின் உட்கார்ந்திருந்தான். வார்டில் காற்று இல்லை என்று வெளியே கொண்டுவந்திருந்தார்கள். வலது கை முழங்கைவரை கட்டு. அதை மார்போடு, பாலுக்கு அழும் குழந்தையை அணைப்பதுபோல அணைத்திருந்தான். ஆஸ்பத்திரி அங்கிக்கு மேலே பங்க்கின் சிவப்புச் சட்டையைத் தோளில் போட்டிருந்தான். அதன் பையில் தலைகீழாகச் செருகிய ஒரு கறுப்புப் பேனா.

கீழ்ப்படியில் அவன் அண்ணன் நெஸ்டோர். அகலத்தில் ஒரு பீரோ.

“யாரு?”

“ரெமி. திகோங்கோட சம்சாரம் அனுப்பி வந்திருக்கேன்.”

பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்த ஒமெங், அடுத்த கணம் தன் காலர் நெஸ்டோரின் கைக்குள் இருப்பதைக் கண்டான். கால்கள் படியைத் தொடவில்லை.

“என் தம்பி கையைக் கரியாக்கிட்டு, சமாதானம் பேச ஆள் அனுப்புறானா?”

“அண்ணே, சமாதானம் பேசுறது அவங்க” என்றான் ஒமெங் அந்தரத்திலிருந்து. “நான் சுமைக்கூலி. இறக்கிவிட்டா வாங்கின சம்பளத்துக்கு நின்னுட்டுப் போறேன்.”

“விடுண்ணே” என்றான் டெல்ஃபின் களைப்பாக. “சொல்ல வேண்டியதெல்லாம் போலீஸ்ல சொல்லிட்டேன்.”

நெஸ்டோர் விட்டான். கீழே வந்த ஒமெங் சட்டையை நீவிக்கொண்டு, நடுங்கும் கையோடு தன் வேப்பை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தான். நடுக்கம் பாதிதான் நடிப்பு. மாம்பழ ஆவி படிக்கட்டில் மேலேறி டெல்ஃபினின் மூக்கைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

டெல்ஃபின் அது போன பக்கம் தலையைத் திருப்பினான்.

“வலி ரொம்பவா?” என்றாள் ரெமி.

“நேத்துலேர்ந்து ஒரு இழுப்பு கிடையாது. வலியைவிட அது பெருசா இருக்கு.” அவன் கண் ஒமெங்கின் கையிலேயே இருந்தது. “வெடிக்காதே?”

“வெடிச்சா முதல்ல என் மூஞ்சி போகும். போனா நஷ்டம் இல்லைன்னு அக்கா சொல்வாங்க. இந்தா.”

டெல்ஃபின் இடது கையை நீட்டி வாங்கினான். கட்டைவிரல் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்தது. கை உதட்டை நோக்கி எழுந்தது.

எழுந்த கை பாதி வழியில் நின்றது. மணிக்கட்டு திரும்பியது. வேப் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, நிமிர்ந்து, உதட்டுக்குப் போனது.

பஞ்சு வேப்பைச் சாய்த்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. காற்றுத் துளை வழியாக ஒரு துளி சாறு வழிந்து, வெள்ளை அங்கியில் பொட்டு வைத்தது.

ஒமெங் துளியைப் பார்த்தான். ரெமி டெல்ஃபினைப் பார்த்தாள். டெல்ஃபின் கண்ணை மூடி ஆவியை விட்டான், ஒருநாள் விரதம் முடித்தவன் மாதிரி.

“ஏன் சாய்ச்சே?”

“என்னது?”

“இது பஞ்சு. சாய்ச்சா ஒழுகும். பெட்டிக்கடைச் சரக்கையும் யாரும் சாய்க்க மாட்டான். எஃகுத் திரியில மாசக்கணக்கா பழகின கைதான் சாய்க்கும்.”

டெல்ஃபினின் கண் திறந்தது. அங்கியில் இருந்த துளியை அப்போதுதான் பார்த்தான்.

“திகோங்… கடையில சாய்ச்சுக் காட்டினாரு. அதைப் பார்த்தேன்.”

“பார்த்தது கண்ணு. சாய்ச்சது கை. அதுவும் உன் பீச்சாங்கை. கண்ணு ஒரு தடவையில கத்துக்கும். கை அவ்வளவு கெட்டிக்காரன் இல்ல.” ரெமி ஒரு படி மேலே ஏறினாள். “திகோங் சோதிச்சப்போ மூச்சைப் பிடிச்சு நேரா வச்சுக்கிட்டே. இன்னிக்கு மறந்துட்டே.”

“ஏம்மா!” நெஸ்டோர் எழுந்தான். படிக்கட்டு அதிர்ந்தது. “வெந்து கிடக்கிறவன் கை ஆடுச்சுன்னு அவனைக் குத்தவாளி ஆக்குறியா? கோர்ட்டுல இது நிக்குமா?”

“நிக்காது” என்றாள் ரெமி.

ஒமெங் அவளைத் திரும்பிப் பார்த்தான். நல்ல சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிற ஆள் இல்லையே இவள்!

“நீங்க சொல்றது சரிதான். கோர்ட்டுல சிரிப்பாங்க. சரி, இவரு சொன்னதை மட்டும் எழுதிக்கிட்டுக் கிளம்புறேன்.” கைப்பையைத் துழாவினாள். “பேனாவை ஸ்டேஷன்ல விட்டுட்டேன் போலிருக்கு. தம்பி, அதைக் கொஞ்சம் குடு.”

அவள் கை சிவப்புச் சட்டைப் பையை நோக்கி நீண்டது.

அடுத்து நடந்ததை டெல்ஃபின் யோசித்துச் செய்யவில்லை. நேற்றிலிருந்து காற்றுகூடப் படாமல் காத்த வலது கையால், கட்டோடு, அந்தப் பையைப் பொத்தினான். பொத்திய வேகத்தில் அவன் போட்ட அலறலுக்கு மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

ஒரு காசு பெறாத பேனா. அதற்கு வெந்த கையை விலையாகக் கொடுக்கிறான்.

“மதிப்பு தெரிஞ்சு போச்சு” என்றாள் ரெமி மெதுவாக. “வரும்போதே பார்த்தேன். முனை இல்லாத பேனா.”

நெஸ்டோர் தம்பியின் முகத்தையே பார்த்தான். பிறகு குனிந்து, தன் தடித்த விரல்களால் அந்தக் கட்டுக் கையைப் பூவைப்போல விலக்கி, பேனாவை எடுத்தான். திருகினான். உள்ளே மைக்குச்சி இல்லை. சாய்த்ததும் அவன் உள்ளங்கையில் ஒரு சின்னச் சுருள் விழுந்தது. தலையிலிருந்து வால்வரை மயில் கழுத்து நீலம்.

“இது என்னடா?”

டெல்ஃபின் அழ ஆரம்பித்தான். வலியில் தொடங்கிய அழுகை, வேறெதிலோ போய்ச் சேர்ந்தது.

“சனிக்கிழமை குபாவ்ல போட்டி… அவங்கவங்க சுருட்டின திரியோடதான் வரணும். ஒவ்வொரு வருஷமும் என் திரியைப் பார்த்து சிரிக்கிறாங்க. திகோங் திரியைப் பார்த்துப் பழகலாம்னு எடுத்து வச்சேன். நசுங்கக்கூடாதுன்னு பேனாவுல… பங்க்ல கழட்டிப் போட்ட வடிகட்டி கிடந்துச்சு. டூட்டி நேரத்துல அதை வெட்டிச் சுருட்டிட்டேன்.”

“நெருப்புல காட்டல.”

“எங்க காட்டுறது? பங்க்ல தீப்பெட்டி எடுத்தாலே வேலை போயிடும். வீட்டுக்குப் போய் சுட்டுக்கலாம்னுதான் இருந்தேன். சாப்பாட்டுக்கடையில உக்காந்தப்போ… ஒரே ஒரு இழுப்பு எப்படி இருக்கும்னு…” மூக்கை உறிஞ்சினான். “டாக்டர் யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. திகோங்னு வாயில வந்துடுச்சு. போலீஸ் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? வேலையும் போகும். போட்டிக்காரனுங்க ஆயுசுக்கும் சிரிப்பானுங்க.”

“ஆக, சிரிப்புக்குப் பயந்து ஒருத்தனை உள்ளே தள்ளிட்டே” என்றான் ஒமெங். இந்தமுறை அவன் குரலில் கேலி இல்லை.

“வேலை போனா இன்னொரு பங்க் இருக்கு” என்றாள் ரெமி. “ஊர்ல இருக்கிற பங்க்குக்குக் குறைச்சலா? இன்னிக்கு சாயங்காலம் அவன் வண்டி ஏறிட்டா, திரும்பி வர எத்தனை வருஷம்னு ஆண்டவனுக்கே தெரியாது. இந்தக் கணக்கை நீயே போட்டுக்கோ. நான் பேரம் பேச வரல.”

டெல்ஃபின் வேப்பை ஒமெங்கிடம் நீட்டினான். “நான் வரமாட்டேன்” என்று முணுமுணுத்தான். “யாரும் பார்க்கலேல்ல? நீங்க சொன்னா யார் நம்புவா? அண்ணே, இவங்களைப் போகச் சொல்லு. அண்ணே…”

நெஸ்டோர் படியிலிருந்து எழுந்தான். ஒமெங் முன்னெச்சரிக்கையாகக் காலரைப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் பீரோ திரும்பியது மறுபக்கம்.

“நான் பார்த்தேன்டா” என்றான் நெஸ்டோர். “எந்திரி.”

*

ஸ்டேஷன் முற்றத்தில் சிறை வேன் உறுமிக்கொண்டு நின்றது. திகோங்குக்கு விலங்கு மாட்டியாயிற்று. துடைத்த நாற்காலியில் அரசு வழக்கறிஞர் உட்கார்ந்து, கடைசித் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். லிகாயா டப்பாவைத் திறந்து, விலங்கிட்ட கைகளில் ஒரு லும்பியாவை வைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாங்காமல் நின்றான்.

“ஒரு நிமிஷம்!” ஜீப்னிக் குரல் தெருமுனையிலிருந்தே வந்தது. ஒமெங்கின் தொண்டைக்கு ரெமி கொடுக்கும் சம்பளம் அன்று வசூலாயிற்று.

டெல்ஃபின் உள்ளே வந்து சொன்னான். முதலில் தரையைப் பார்த்து, பிறகு அண்ணனைப் பார்த்து, கடைசியில் திகோங்கைப் பார்த்து. கேட்டு முடித்த வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பேனாவுல இருந்தது இவர் கடைத் திரிதான்னு என்ன நிச்சயம்? நீலமா சுட்ட திரி ஊர்ல ஆயிரம் இருக்கும். திகோங், இது உன்னோடதுதானா? அடையாளம் சொல்லு.”

திகோங் திரியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான். அவன் காது சிவந்தது.

ரெமி திரும்பி அவன் முகத்தை மதிப்பிட்டாள். தன் திரியைத் தானே அடையாளம் சொல்லத் தெரியாத தொழில்காரனா?

“அவருக்குத் தெரியாது” என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

லிகாயா எழுந்து வந்தாள். லும்பியா எண்ணெயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, திரியை எடுத்து, நகத்தால் மெல்லப் பிரித்தாள். சுருளின் கடைசி ஓரம், முடி அளவுக்கு, உள்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தது.

“பிசிறு வெளிய நீட்டினா கம்பியில தட்டும். லும்பியா மடிக்கும்போது கடைசி ஓரத்தை உள்ளே திணிப்போம்ல, பூரணம் சிந்தாம. அதே மடிப்பு. உங்க பையில இருக்கிற கரிஞ்சதையும் பிரிச்சுப் பாருங்க. மடிப்பு இருக்காது. காலையிலயே தெரிஞ்சுது எனக்கு.”

மாக்னோ பிரித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் பிசிறு.

“காலையிலயே ஏம்மா சொல்லல?”

“சொன்னா யார் நம்புவீங்க? அதுவும் இல்லாம…” அவள் புருஷனைப் பார்த்தாள். “கியாப்போ முழுக்க திகோங் கை, திகோங் கைன்னு பேசுறாங்க. அவரு பேரை நான் எப்படிக் கெடுக்கிறது?”

“நெருப்பு நான்தான்” என்றான் திகோங் பலவீனமாக. “சுருட்டுறது அவ.”

“ஆச்சி கடைப் படியை நீ மிதிக்காத காரணம் இப்பதான் புரியுது” என்றாள் ரெமி.

வழக்கறிஞர் தாளை இரண்டாகக் கிழித்தார். விலங்கு கழன்றது. புது வாக்குமூலத்தை மாக்னோ எழுதி முடித்து, டெல்ஃபின் முன் தள்ளினார். ரெமி தன் கைப்பையிலேயே இருந்த பேனாவின் மைக்குச்சியை உருவி, அந்தக் கறுப்புப் பேனாவுக்குள் செருகித் திருகி, அவன் இடது கையில் கொடுத்தாள். கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. ஆனால் விழுந்தது.

“கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனேடா” என்றான் திகோங் அவனிடம்.

“நீங்களா?” என்றாள் லிகாயா. “கடை மூடியாச்சுன்னு சொல்லியிருப்பீங்க.” டப்பாவை டெல்ஃபின் பக்கம் நீட்டினாள். “கை ஆறினதும் வா. சனிக்கிழமை போட்டி போனாப் போகுது. முதல்ல லும்பியா மடிக்கப் பழகு.”

திகோங் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ஒமெங்கைத் தேடினான்.

“அண்ணே, ஒரு இழுப்பு…”

ஒமெங் வேப்பைக் கொடுத்தான். திகோங் வாங்கினான். உதட்டுக்குப் போகும் வழியில் அவன் மணிக்கட்டு தானாகத் திரும்பிச் சாய்ந்தது. ஒரு துளி மாம்பழச் சாறு நேராக மாக்னோவின் மேஜையில் விழுந்தது.

மாக்னோ துளியைப் பார்த்தார். திகோங்கைப் பார்த்தார். கழற்றி வைத்த விலங்கை விரலில் மாட்டிச் சுழற்றினார்.

“துடைடா அதை” என்றார். “துடைச்சிட்டு வீட்டுக்குப் போ.”